ரெண்டு வெந்து, ஒண்ணு வேகாத மோட்டார்

எரிந்துபோன மோட்டாரின் மூடியைக் கழற்றியதும் காயில் அக்கா முதலில் மூக்கைத்தான் உள்ளே விடுவார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டே இழுப்பு. தண்ணீர் இறங்கிப் போனதா, பேரிங் இறுகிப் போனதா என்று வாசனையே பாதி சொல்லிவிடும் என்பது அவர் கட்சி. "மிச்சப் பாதிக்குத்தான் கண்ணு," என்பார். பேருந்து ஓட்டும் அவர் வீட்டுக்காரருக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. "நான் சமைச்சத ஒருநாளாவது இப்படி ஆசையா மோந்து பாத்திருப்பாளா?"

அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். மோட்டார்த் தொழிற்சாலையில், காயில் எனப்படும் கம்பிச்சுருளைச் சுற்றும் பிரிவில் பதினேழு வருடம் இருந்தவர். ஆலை வேறு ஊருக்கு இடம் மாறியபோது அவர் மாறவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை பிடித்து, நீள மேசையும் கைச்சுற்று இயந்திரமும் போட்டுக்கொண்டார். வார்னிஷ் ஏறி ஏறி விரல் நுனிகள் வழுவழுப்பாகிவிட்டன. கைபேசி அவர் ரேகையை ஏற்க மறுக்கும். "பாரு, நான் நான்தானான்னு இதுக்கே சந்தேகம்," என்று சிரிப்பார்.

கம்பி சுற்றும்போது அவரிடம் எதைப் பற்றியும் பேசலாம். மகளின் கல்லூரி, மழை, பல்வலி எல்லாவற்றுக்கும் பதில் வரும். உள்ளுக்குள் சுற்றுகளின் எண்ணிக்கை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். தவறியதே இல்லை, போன மாதம் வரை.

போன மாதம் சலவைக்கூடத்து முதலாளி ஒரு மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கூடவே மெஷின் ஓட்டுகிற மச்சானும் வந்தார். முதலாளியின் மனைவிக்கு அண்ணன். முதலாளி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அங்கே இஸ்திரி போடும் பெண்கள் முதல் மூட்டை ஏற்றுகிறவர் வரை எல்லோருக்குமே அவர் மச்சான்தான். அக்கா மட்டும் அண்ணே என்பார்.

"அளவுக்கு மேல துணிய அடைச்சு எரிச்சுட்டாருக்கா," என்றார் முதலாளி. "எத்தன தடவ சொல்றது? இனிமே வர வேணாம்னுட்டேன்."

மச்சான் வாசல் நிலையில் சாய்ந்து நின்றபடி, "வழக்கமா போடுறதுதான் போட்டேன். திடீர்னு மோட்டார் பல்லக் கடிச்சுக்கிட்டு உறுமுற மாதிரி ஒரு சத்தம். ஓடிப் போய் அணைக்கிறதுக்குள்ள பொகை வந்திடுச்சும்மா," என்றார். சொன்னதையே சொல்லி அலுத்துப்போன குரல்.

அக்கா மூடியைக் கழற்றினார். முகர்ந்தார். பிறகு விளக்கை இழுத்துப் பிடித்து இருவரையும் கூப்பிட்டார். உள்ளே வட்டமாக இருந்த காயில்களில் இரண்டு கரிந்து கிடந்தன. அடுத்தது புதுசு போலத் தேன் நிறத்தில் மின்னியது. மறுபடி இரண்டு கரி, ஒரு தேன். வட்டம் முழுக்க அதே கணக்கு.

"கரண்டு மூணு லைனா வருது, மூணு பேஸும்பாங்க; துணிய அடைச்சா மூணும் சேந்துதான் வேகும். இது ரெண்டு வெந்து, ஒண்ணு வேகல. மூணு பேஸ்ல ஒண்ணு வராம போயிருக்கு." முதலாளி முழிப்பதைப் பார்த்து விளக்கினார். "மூணு பேரு சேந்து ஒரு பீரோவத் தூக்கிட்டுப் போறீங்க. நடுவுல ஒருத்தன் கைய விட்டுட்டான். மத்த ரெண்டு பேரும் கீழ வைக்காம சுமந்துக்கிட்டே போனா இடுப்பு ஒடியுமா ஒடியாதா? இதுவும் அப்படித்தான். நிக்காம ஓடும், ஆனா வெந்துக்கிட்டே ஓடும்."

முதலாளியும் லேசுப்பட்டவர் இல்லை. "ஒரு பேஸ் போனா உடனே நிறுத்திடும்னு சொல்லித்தான பிரிவென்டர் பெட்டி மாட்டிவிட்டீங்க? அது ஏன் நிறுத்தல?"

நியாயமான கேள்வி. அக்கா கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்போதே அவர்களோடு சலவைக்கூடத்துக்குப் போனார். மின்பலகையில் மூன்று ஃபியூஸ்களில் ஒன்று போயிருந்தது. பக்கத்தில் பிரிவென்டர் இருந்தது. அதன் இரண்டு முனைகளையும் சேர்த்து விரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு வயர் கட்டப்பட்டிருந்தது. அந்த வயர் இருக்கும்வரை பெட்டி வெறும் அலங்காரம்தான்; எந்தப் பேஸ் போனாலும் அதனால் மோட்டாரை நிறுத்த முடியாது.

முதலாளி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "பாத்தீங்களா! இவரு வேலதான். அடிக்கடி நின்னு போகுதுன்னு யார்கிட்டயும் சொல்லாம கட்டிவிட்டிருக்காரு."

மச்சான் வாசல் பக்கம் நகர்ந்தார். அக்கா கிட்டே குனிந்து பார்த்தார். வயரின் முனை மூன்று முறுக்கு முறுக்கி உள்பக்கமாக மடித்துவிடப்பட்டிருந்தது. அந்த ஊரில் அப்படி முடிகிறவர் ஒரே ஒருத்தர்தான்.

போன வருடம் மின்சாரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்த நாட்களில் பிரிவென்டர் மணிக்கு நாலு தடவை மெஷினை நிறுத்தியது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்துவிட்டன என்று முதலாளி போனில் கெஞ்சினார். அக்கா வந்து, இரண்டு நாளைக்கென்று இந்த வயரைக் கட்டிவிட்டுப் போனார். அவிழ்க்க வருகிறேன் என்றவர் வரவே இல்லை. மறந்தே போனார்.

"மோட்டார சுத்திட்டு வர்றேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா கிளம்பினார். மச்சான் அவருக்கு முன்பே தெருவில் இறங்கி நடந்துகொண்டிருந்தார்.

அடுத்த இரண்டு நாளும் கம்பி எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்தது. முப்பத்து நாலில் விட்டுவிடுவார். பிரித்து, ஒன்றிலிருந்து தொடங்குவார். இரண்டாம் நாள் மதியம் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, மேசை மேல் குவிந்திருந்த வீண் கம்பியைப் பார்த்தார். அக்கா நடந்ததைச் சொன்னார்.

"வயரக் கழட்டிப் போட்டா முடிஞ்சுது. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் அவர்.

"அந்த அண்ணன் வீட்ல உக்காந்திருக்காருங்க."

அவர் தூக்கைத் திறந்து வைத்துவிட்டு, கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை மோட்டாரோடு சலவைக்கூடத்துக்கு வந்த அக்கா அதை வண்டியிலிருந்து இறக்கவிடவில்லை. "அண்ணனக் கூப்பிடுங்க. அவர் வந்தாத்தான் மாட்டுவேன்."

"அவரு எதுக்குக்கா?"

"கூப்பிடுங்க."

மச்சான் சவரம் செய்யாத முகத்தோடு வந்தார். இஸ்திரிப் பெண்கள் கை வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அக்கா பலகையின் கதவைத் திறந்து சிவப்பு வயரைத் தொட்டுக் காட்டினார்.

"இதக் கட்டினது நான்தான். போன வருஷம் வேலை நிக்குதுன்னு நீங்க கூப்பிட்டப்போ கட்டினேன். வந்து அவுக்கிறேன்னேன், வரல. அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல."

முதலாளியின் முகம் சிவந்தது. "அன்னைக்கே பாத்தீங்கல்ல? அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"பயந்துட்டேன்," என்றார் அக்கா. "காயில் அக்கா கட்டுன வயரால மோட்டார் போச்சுன்னு ஊரு பேசுமேன்னு." பிறகு மச்சான் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிடுங்கண்ணே. ரெண்டு நாள் உங்க தலைல போட்டுட்டு இருந்துட்டேன்."

மச்சான் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். "ரெண்டு நாளும் எனக்கே சந்தேகமா இருந்துச்சும்மா," என்றார் கடைசியில். "ஒருவேள நான்தான் ஏதாவது பண்ணிட்டேனோன்னு."

அக்கா வயரை அறுத்துப் போட்டு, போன ஃபியூஸையும் மாற்றிவிட்டு வேலையில் இறங்கினார். அதிகச் சுமை வந்தால் நிறுத்த வேண்டிய ரிலேயின் குமிழ், எவ்வளவு சுமை ஏறினாலும் மெஷின் நிற்காதபடி, கடைசி எல்லைவரை திருகிவிடப்பட்டிருந்தது. அதைச் சரியான இடத்துக்குத் திருப்பிக்கொண்டே முதலாளியைப் பார்த்தார். அவர் கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்குள் மோட்டார் ஏறியது. சோதனைக்கென்று ஒவ்வொரு பேஸுக்கும் ஒரு ஸ்விட்ச் வைத்திருந்தார் அக்கா. மெஷினை ஓடவிட்டு, ஒரு பேஸை அணைத்தார். நாலு எண்ணுவதற்குள் பிரிவென்டர் 'டக்'கென்று விழுந்து மோட்டார் நின்றது. அடுத்த பேஸ், நின்றது. மூன்றாவது; நின்றது.

"போதும்க்கா, நல்லா நிக்குது," என்றார் முதலாளி. மச்சானைப் பாராமலே, "நாளைலேருந்து வந்துடு மச்சான்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

அக்கா மெயினை அணைத்துவிட்டு, பலகையின் கதவை மறுபடி அகலத் திறந்தார். பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். "நீங்க ஒரு தடவ பாத்துடுங்கண்ணே."

"எனக்கு என்னம்மா தெரியும் இதுல?"

"எங்கயாவது வேண்டாத வயரு இருக்கான்னு பாருங்க, போதும்."

மச்சான் மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். மேலிருந்து தொடங்கி ஒவ்வொரு வயராக விரலால் தொட்டுத் தொட்டு, அது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்தார். அவசரமே இல்லை அவருக்கு. அக்கா டார்ச்சை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, அந்த விரல் போகிற இடத்துக்கெல்லாம் வெளிச்சத்தை நகர்த்தியபடி நின்றார்.