எலி மூளைக்கு முன் ஏற்றிய கற்பூரம்

போன வாரம் கோவில்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை திறந்தார்கள். மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், கற்பூரம். கற்பூர வாசனை வந்தால் எனக்குப் பக்தி வராது. எலிதான் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

எண்பதுகளில் இங்கே ஒரு கல்லூரியில், மூளை ஆராய்ச்சி என்று ஓர் அறை வைத்திருந்தார் ஒரு பேராசிரியர். பாட்டில் கழுவ என்னைத் தினக்கூலிக்குச் சேர்த்தார். நான் கடலோரத்துப் பட்டினச்சேரிக்காரி, மீன் விற்கிற குடும்பம். படிப்பு அஞ்சாம் வகுப்பு.

எலியின் மூளையை எடுத்த கையோடு குளிர்ந்த உப்புத் தண்ணீரில் போட வேண்டும். உடனே மெல்லிய துண்டாக வெட்ட வேண்டும். முழுசாகக் கிடந்தால் உள்ளே செத்துவிடும். துண்டுக்கு உயிர் இருந்தால், கம்பியை வைத்ததும் திரையில் பச்சைக் கோடு துள்ளும். அவருக்குக் கை நடுங்கும். பெரிய படிப்பு படித்த கை. கடைசியில் சவர பிளேடு என்னிடம் வந்தது. நெத்திலி ஆய்ந்த கைக்கு இது ஒரு வேலையா? கோடு துள்ளிற்று. பேர் அவருக்கு.

பிறகு வெட்டுகிற மெஷின் ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்தது. அதைப் பார்க்க மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவர் நல்லபடியாக எழுதினால் அறை நிலைக்கும், என் வேலையும் நிரந்தரம். அன்றைக்குத்தான் பேராசிரியருக்கு மெஷின் பூஜை.

“மொதல்ல எலிய முடிச்சிரும்மா.”

“பூஜைய முடிச்சிட்டு எலியத் தொடலாமே சார்?”

“பூஜைக்கப்புறம் ரூமுல ரத்தம் சிந்தலாமா? ஒனக்கு என்ன தெரியும்?”

முடித்தேன். மூளை ஐஸ் போட்ட கிண்ணத்தில் கிடந்தது. ஐயர் நிதானமாக மந்திரம் சொன்னார். பிளேடு முனைக்குக்கூடக் குங்குமம். தேங்காய் மூன்றாவது போடில்தான் உடைந்தது. ஐஸ் கரைந்துவிட்டது.

“சார், மூளை போவுது.”

“வாய மூடு. அபசகுனம்.”

ஒருவழியாக வெட்டினோம். கம்பியை வைத்தோம். கோடு படுத்தது படுத்ததுதான்.

அதிகாரி என்னைப் பார்த்தார். “இன்னொரு எலி இருக்காம்மா?”

“கூண்டு நெறைய இருக்குங்க.”

பேராசிரியர் குறுக்கே வந்தார். “இன்னிக்கு வேணாம் சார், பூஜை ஆயிடுச்சு. இந்தம்மாவுக்கு ஐஸ் போடத் தெரியல, அதான்.”

பட்டினச்சேரிக்காரிக்கு ஐஸ் போடத் தெரியாதாம்!

“ஐஸெல்லாம் சரியாத்தாங்க போட்டேன். கற்பூரம் காட்டுனா எலி எந்திரிக்குமா?” என்றேன்.

அதிகாரி பஸ்ஸுக்குப் போய்விட்டார். மறுமாதம் அறையை மூடினார்கள். என்னை வர வேண்டாம் என்றார்கள். பேராசிரியர் வேறு ஊரில் இதைவிடப் பெரிய நாற்காலிக்குப் போனார்.

கூண்டுகளை என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. சாவியைக் கொடுக்குமுன் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். அந்த அறையிலிருந்து உருப்படியாக வெளியே வந்தவை அந்த எலிகள்தான்.

இப்போது அறை இல்லை. மெஷின் பழைய இரும்புக்குப் போனதாகக் கேள்வி. கொஞ்ச நாள் கல்லூரி வேலியோரம் வெள்ளை எலி ஓடிற்று. அப்புறம் அதையும் காணோம்.