லிங்கத்துக்கு லிங்கம் நின்ற கார்

எங்கள் வீட்டில் கார் வாங்கிய வருடம் எனக்குத் தீபாவளிப் பாவாடை கிடையாது. அது பின்பக்க டயராகிவிட்டது. அம்மா கேட்டிருந்த மிக்ஸி கிளட்ச் பிளேட்டாக மாறியது. அப்பா பல் கட்டிக்கொள்ள வைத்திருந்த பணம் சைலன்சருக்குள் போய்ப் புகையாக வெளியே வந்தது. கார் என்னவோ அழகான கார்தான். டிக்கி வைத்த, நீளமான வெள்ளைக் கார். எங்கள் திருவண்ணாமலையில் செங்கம் சாலையோரம் விடுதி நடத்திய ஒருவர், ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களை மீனம்பாக்கத்திலிருந்து அழைத்துவர அதை வைத்திருந்தார். அத்தனை தேசத்து ஜனங்களையும் சுமந்து அலுத்த பிறகு அது அப்பாவிடம் வந்து சேர்ந்தது. விலை கொடுத்து வாங்கியது ஒரு தடவைதான். அதன்பிறகு மெக்கானிக்கிடமிருந்து மாதா மாதம் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தோம்.

எல்லாவற்றிலும் பெரிய வியாதி ரேடியேட்டர். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஒன்றில் தண்ணீர் கசிந்து, கொஞ்ச தூரம் போனதும் எஞ்சின் கொதிக்கும். மஞ்சள் தூளைக் கொட்டினால் ஓட்டை அடைபடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அப்பா சமையலறை டப்பாவோடு தெருவுக்குப் போனார். கசிவு கொஞ்சம் கம்மியானது. ஆனால் அன்று முதல் வண்டி சூடானால் ஒரு மஞ்சள் வாசனை வந்தது. அம்மாவுக்குக் கோபம் வந்தது.

அம்மாவின் அண்ணன் அரிசி மண்டி வைத்திருந்தார். நாங்கள் காரைப் பற்றிச் சொல்லாத செலவெல்லாம் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

"மாப்ள, இது கார் இல்ல. வாயத் தொறந்துனே இருக்கற உண்டியல்" என்றார் மாமா. புரோக்கரையும் பேசி வைத்துவிட்டார். அப்பா முரண்டு பிடிக்கவே, ஒரு தீர்ப்புச் சொன்னார். "மலைய ஒரு சுத்து சுத்திட்டு வரட்டும். நானும் வரேன். வழியில எங்கயாவது மக்கர் பண்ணி நின்னுச்சுன்னா, திங்கக்கெழம புரோக்கர் வந்து இட்னு போயிடுவான். சம்மதமா?"

அப்பா வாய் திறப்பதற்குள் அம்மா தலையாட்டிவிட்டாள்.

அப்பா அந்தக் காரை விடமாட்டேன் என்றதற்குக் காரணம் அத்தை. கீழ்பென்னாத்தூரில் இருந்த அவருடைய அக்கா. பௌர்ணமி தவறாமல் மலை சுற்றி வந்தவளுக்கு முட்டி தேய்ந்து, வாசல் தாண்டுவதே பெரும்பாடாகிவிட்டது. அக்காவை ஒருமுறையாவது மலை சுற்ற வைக்கவேண்டும் என்றுதான் அப்பா காருக்கே ஆசைப்பட்டார். எப்படியும் சுற்றப் போகிறோம், அக்காவும் வரட்டும் என்று ஆள் அனுப்பிவிட்டார். அதைத் துணிச்சல் என்பதா, அசட்டுத்தனம் என்பதா தெரியவில்லை. மலையைச் சுற்ற ஆரம்பித்துவிட்டால் பாதியில் திரும்புகிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது.

சித்திரை மாதம். முட்டியை நீட்ட இடம் வேண்டுமென்று அத்தையை முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். பின்னால் அம்மா, நான், மாமா. மாமா அப்பாவுக்கு நேர் பின்னால் இருந்ததால் அவருக்குத் தெரிந்தது அப்பாவின் பிடரி மட்டும்தான். எனக்கு நடுவில் இடம். சூட்டைக் காட்டும் முள் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அது சிவப்புக்குப் போகக்கூடாது என்பதும் தெரியும்.

அப்பா பெருமையாக ஒவ்வொரு சுவிட்சாக அத்தைக்குக் காட்டினார். "இது ஹீட்டருக்கா. எஞ்சின்ல இருக்கற சூட்ட இழுத்து உள்ள உடும்."

"திருவண்ணாமலைக்கு ரொம்பத் தேவதான்" என்றார் மாமா.

மலையைச் சுற்றியுள்ள எட்டு லிங்கங்களில் முதலாவதான இந்திர லிங்கத்தைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். ஊர் நெரிசலைத் தாண்டுவதற்குள்ளாகவே முள் எழுந்து உட்கார்ந்துவிட்டது. அப்பாவின் காது சிவந்தது. அப்போது அத்தை, "தம்பி, அக்னி லிங்கம் வந்துடுச்சு. நிறுத்துடா" என்றாள்.

சாமிக்காக நிற்பதை மாமா எப்படி மக்கர் என்று சொல்வார்? அவரும் இறங்கினார். அத்தை இறங்குவதே ஒரு பெரிய வேலை. ஒரு காலை வைத்து, மூச்சு விட்டு, மறு காலை வைத்து, உள்ளே போய், விபூதி வாங்கி, திரும்பி வந்து ஏறுவதற்குள் எனக்குத் தூக்கமே வந்துவிட்டது. ஆனால் பார்த்தால், முள் கீழே இறங்கியிருந்தது.

எம லிங்கத்தில் நின்றோம். நிருதி லிங்கத்தில் நின்றோம். வருண லிங்கம், வாயு லிங்கம், நடுவில் ஒரு பிள்ளையார், பெயர் தெரியாத ஒரு அம்மன், எல்லா இடத்திலும் அத்தை நிறுத்தச் சொன்னாள். ஒரு வேப்பமரத்தில் யாரோ மஞ்சள் துணி கட்டியிருந்ததற்கும் நிறுத்தினாள். நானும் விடாமல் வேண்டிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் நான் கண்ணை மூடிக் கும்பிட்டு வந்ததும் முள் இறங்கியிருந்ததால், அது என் வேண்டுதலின் சக்தி என்று எனக்கு உறுதியாகிவிட்டது. எந்த லிங்கம் எவ்வளவு இறக்கிவிட்டது என்று மனதுக்குள் மார்க்கே போட்டேன்.

மாமா மட்டும் மூக்கை உறிஞ்சினார். "இன்னா மாப்ள, மஞ்ச வாசன வருது?"

அப்பா கியரை மாற்றினார். "நான்தான் காலைல பூசிக் குளிச்சேன். இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாப் பூசிட்டேன்" என்றாள் அத்தை.

குபேர லிங்கத்தையும் அதற்கடுத்த பிள்ளையாரையும் தாண்டிய பிறகுதான் சோதனை. ஈசானிய லிங்கம் வரை நிற்பதற்குச் சாமியும் இல்லை, மரமும் இல்லை. முள் சிவப்பைத் தொடப் போனது. எனக்கு அழுகை வந்தது. வேண்டிக்கொள்ளலாம் என்றால் எதிரில் ஒரு மாட்டு வண்டிதான் போய்க்கொண்டிருந்தது.

திடீரென்று அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, கொடையுதுடா. அந்தச் சூடு காத்த உடேன், எதமா இருக்கும்."

"இந்த வெயில்லயா?" என்று மாமா அலறினார்.

"வயசானவங்க நோவு உங்களுக்கு இன்னா தெரியும்?" என்றாள் அத்தை. அப்பா ஹீட்டரைத் திருகினார். காருக்குள் நெல் அவிக்கிற அண்டாவைத் திறந்த மாதிரி ஆவி அடித்தது. அம்மாவின் பொட்டு கரைந்தது. மாமா சட்டையைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். அத்தை மட்டும் ஆடாமல் அசையாமல், முகமெல்லாம் வேர்வை ஓட, "நல்லா இருக்குதுடா" என்றாள். எனக்கு அவளைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

ஈசானிய லிங்கத்தில் ஒரு தடவை நின்று, கோபுர வாசலுக்கு வந்து சேர்ந்தோம். மக்கர் பண்ணி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மாமா தோற்றாலும் நியாயஸ்தர். "வண்டி ஓடுது மாப்ள, வச்சுக்கோங்க. ஆனா உங்க அக்காவ மட்டும் இன்னொரு தபா ஏத்தாதீங்க" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஊருக்குக் காரிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்று அப்பா எவ்வளவோ கெஞ்சினார். அத்தை கேட்கவில்லை, பஸ்ஸில்தான் போவேன் என்றாள். பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவள், அப்பாவைக் கிட்டே வரச் சொல்லிக் குரலைத் தாழ்த்தினாள்.

"மொதல்ல அந்த ரேடியேட்டர மாத்துடா. கெணத்துல தண்ணி எறைக்கற எஞ்சின வருஷக்கணக்கா ஓட்டுறவ நான், கொதி வந்தா எனக்குத் தெரியாதா? அந்த முள்ளு ஏறறத வழி முழுக்கப் பாத்துனேதான வந்தேன். அவங்க முன்னால நீ தலையக் குனியறத நான் பாக்கணுமா?"

அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் நகர்ந்து, கண்டக்டர் அதட்டிய பிறகுதான் கையை எடுத்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாள் முழுக்க நம் காரில் சொகுசாக உட்கார்ந்து வந்துவிட்டு, கடைசியில் இவளும் அதைக் குறை சொல்கிறாளே! அத்தை ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். நான் ஆட்டவில்லை. "அத்தையும் மாமா கட்சியாப்பா?" என்று கேட்டேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். தூக்கி வைத்துக்கொள்கிற வயதெல்லாம் எனக்கு எப்போதோ தாண்டிவிட்டதே, இவருக்கு இன்றைக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு வெட்கமாக இருந்தது.