ஆஸ்பத்திரியில் சொன்ன முகவரி

பிள்ளைகளே, இதை எழுத வேண்டாம் என்றாள் உங்கள் அம்மா. பத்தாவதோடு நின்றவன் நான், தெரிந்தவரை எழுதுகிறேன்.

மழைக்காலத்தில் பெரியவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. எல்லை தாண்டி ஆந்திராவில், நகரியில் இருக்கும் உங்கள் மாமா, "இங்க இட்டாந்துடு பாவா, கூட்டம் கம்மி" என்றார். போனோம். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் இடத்தில் என் காதோடு சொன்னார்: "எங்க வீட்டு அட்ரஸே குடு. திருத்தணின்னா அங்கியே போன்னுடுவான்."

எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இது புதிதில்லை. ரேஷனுக்கு ஒரு முகவரி, ஆஸ்பத்திரிக்கு ஒரு முகவரி. நானும் கொடுத்தேன். டெங்கு என்றார்கள். பெரியவள் பிழைத்துவிட்டாள். தெருவில் பயப்படுவார்களே என்று சாதாக் காய்ச்சல் என்றே சொல்லிவைத்தோம்.

அந்தச் சீட்டு அங்கேயே கிடக்கவில்லை. எந்த ஊரில் எந்த நோய் என்று நாடு முழுவதற்கும் பார்க்கிற அலுவலகம் டெல்லியில் இருக்கிறது. சீட்டில் இருந்த விவரம் அதுவரை போகும். நோய் எங்கே தலை காட்டுகிறதோ அங்கே கொசு மருந்து அடிக்க ஆட்கள் வருவார்கள். வந்தார்கள், மாமாவின் தெருவுக்கு.

"உன் பொண்ணு புண்ணியம் பாவா, எங்க தெருவுல ஒரு கொசு இல்ல" என்று போனில் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நம் தெருவில் தறி வீடுகளின் நூல் ஊறும் தொட்டிகளில் கொசுப்புழு நெளிந்தது. நகராட்சியில் கொசு மருந்து அடிக்கிற பெண்ணிடம், எங்கள் தெருவுக்கு எப்போது வருவீர்கள் என்று கேட்டேன்.

"உங்க தெருவுல கேஸே இல்லியேண்ணா. லிஸ்ட்டுல வந்தாதான் மருந்து குடுப்பாங்க."

உண்மை வாய்வரை வந்தது. பொய் முகவரி கொடுத்ததற்குப் பிடித்துக்கொள்வார்களோ என்ற பயத்தில், "ஆங்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுச் சிறுமிக்குக் காய்ச்சல். உங்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து படித்தவள். அவள் அப்பா மருந்துக்கடை மாத்திரையோடு போய்க்கொண்டிருந்தார்.

"டாக்டராண்ட காட்டுங்களேன்" என்றேன்.

"உங்க பொண்ணுக்கு வந்த அதே சாதாக் காய்ச்சல்தாண்ணா. அது ஓடியாடிகினு இருக்குதே" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்றாம் நாள் திருத்தணி ஆஸ்பத்திரியில் டெங்கு என்று சீட்டு எழுதி, சென்னைக்கு அனுப்பினார்கள்; வழியிலேயே அவள் போய்விட்டாள்.

பெரியவளே, உன்மேல் ஒரு தப்பும் இல்லை.

அந்த வாரமே நம் தெருவுக்கு ஆட்கள் வந்து தொட்டிகளைக் கவிழ்த்தார்கள், வீடு வீடாகப் புகை அடித்தார்கள். அவள் அப்பா கொடுத்த முகவரி சரியானது.