காலுக்கு மட்டும் மரியாதை

ஐம்பதுகளில் திருவள்ளூரில் எங்கள் உறவில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் நலங்குப் பாட்டு என் பொறுப்பு. மற்றவர்கள் சினிமா மெட்டைப் பிடித்து வார்த்தையை மட்டும் மாற்றிப் போடுவார்கள். எனக்கு அது ஆகாது. மெட்டும் சொந்தச் சரக்காக இருக்க வேண்டும். பெரியம்மா ஆர்மோனியம் வாசிக்க, நான் மாப்பிள்ளைகளின் மானத்தை வாங்குவேன். நெற்றியில் சந்தனம் வைக்கும்போது ஒரு கேலி, கைக்கு ஒரு கேலி, பாதத்தில் மஞ்சள் பூசும்போது ஒரு கேலி. தொட்ட இடத்தைக் கேலி செய்யாமல் விட்டால் அங்கே நலங்கு வைத்ததாகவே ஆகாது.

எங்களில் மணப்பெண்ணே பாடுவதும் உண்டு. ஆகவே என் கல்யாணத்துக்கும் நானேதான் பாட்டுக் கட்டினேன்.

மாப்பிள்ளை பொன்னேரி அரிசி மில்லில் குமாஸ்தா. சின்ன வயதில் வந்த காய்ச்சலால் வலது காலை இழுத்து நடப்பார். பெண் பார்க்க வந்த அன்றே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். ஸ்டேஷனில் ஜட்காவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த வீட்டாரை விட்டுவிட்டு, சட்டையெல்லாம் வேர்வையாக இவர் மட்டும் நடந்தே முதலில் வந்து நின்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அங்கேதான்.

எண்ணெய் வழியும் கிராப்பு, அவருக்கு முன்னால் வீட்டுக்குள் நுழையும் மூக்கு, தவிட்டு வாசம் போகாத கை. இதெல்லாம் ஒரே மத்தியானத்தில் பாட்டாகிவிட்டது. கால்தான் பாடாய்ப் படுத்தியது. ஏழு தடவை எழுதி, ஏழையும் அடுப்பில் போட்டேன். தெருவில் அந்தக் காலைப் பார்த்துச் சிரித்தவர்கள் எத்தனை பேரோ, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி ஆகிவிடுவேனோ என்று பயம்.

"போற ஊட்ல பொழைக்கணும்டி. தாமரைப் பாதம்னு ஒண்ணு போட்டுட்டு வாயை மூடிக்கினு இரு" என்றாள் பெரியம்மா. வாழ்நாளில் முதல் தடவையாக அவள் பேச்சைக் கேட்டேன்.

நலங்கன்று கிராப்புக்கும் மூக்குக்கும் கூடமே அதிர்ந்தது. அவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். பாதத்துக்கு வந்து "தாமரைப் பாதமே" என்று இழுத்தேன். சிரிப்பு சட்டென்று நின்றது. அவருடைய அக்காமார்கள் பாயைப் பார்த்துக்கொண்டார்கள். அவர் வலது காலை மெதுவாக வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "இன்னா இது? மூக்கை அந்த வாங்கு வாங்கினியே, காலுக்கு மட்டும் மரியாதையா?"

உதட்டில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. அந்தக் காலைப் பிடித்து வெளியே இழுத்து, மஞ்சளை அப்பிக்கொண்டே வாயில் வந்ததைப் பாடினேன்:

"ஒத்தக் காலு முன்னே போக
ஒத்தக் காலு யோசிக்குதாம்,
பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு
ரெண்டும் சேந்து ஓடிச்சாம்!"

ஆர்மோனியம் நின்றுவிட்டது. பெரியம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். முதலில் சிரித்தவர் அவர்தான், தோள் குலுங்கக் குலுங்க. மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இன்னொரு தபா பாடும்மா" என்றார்.

அதற்கப்புறம் எங்களுக்குள் எத்தனையோ சண்டை. கோபம் முற்றினால் நான் கத்த மாட்டேன். ரொம்ப மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிடுவேன். அவர் வலது காலை மட்டும் என் பக்கமாக நீட்டுவார்.