குழம்புப் பீரங்கி

பிரஷாந்தியோடு வாதாடி ஜெயித்தவர் எங்கள் ஷார்ஜா ஆபீஸில் ஒருவரும் கிடையாது. சின்ன வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா அம்மாவோடு ஜெர்மனிக்கு அகதியாகப் போனவள். அங்கேயே படித்து, வினோஜனைக் கட்டிக்கொண்டு அஜ்மானில் வந்து குடியேறினாள். தினமும் பஸ் பிடித்து வந்து, என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஜெர்மன் காகிதங்களை ஆங்கிலமாக்குவாள். கல்யாண சர்டிபிகேட், கோர்ட் பேப்பர் என்று எல்லாம் உயிரில்லாத சரக்கு.

அந்தச் சரக்குக்கு நடுவில்தான் ஊட்டே அம்மாள் ஒரு கட்டுக் கடிதத்தோடு வந்தார். எண்பது தாண்டிய ஜெர்மன்காரர், துபாயில் பேரன் வீட்டில் இருக்கிறார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இரண்டாம் உலகப்போரில் செத்துப்போனார். போர்முனையிலிருந்து அந்த மனிதர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் அவை. ஆங்கிலம் மட்டுமே தெரிந்த கொள்ளுப்பேத்திகளுக்கு அவற்றைப் படித்துக் காட்ட வேண்டுமாம்.

கடிதம் முழுக்கச் சாப்பாட்டுப் புலம்பல், அதுவும் பட்டப்பெயர்களோடு. ரேஷனில் வந்த காய்ந்த காய்கறி ‘முள்கம்பி’. டின் இறைச்சி ‘கிழவன்’. சமையல் வண்டி ‘குழம்புப் பீரங்கி’. பிரஷாந்தி அத்தனை பெயரையும் அப்படியே ஆங்கிலத்தில் இறக்கியிருந்தாள். மேனேஜர் கல்யாணசுந்தரம் சார் சும்மா இருப்பாரா? உலர்ந்த காய்கறி, டின் இறைச்சி என்று எல்லாவற்றையும் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுவிட்டார். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

“நம்ம சீல் விழுற பேப்பர்மா. கிண்டலெல்லாம் ஆகாது. கையெழுத்தப் போடு.”

“போடமாட்டன் சேர்.”

“அந்த ஆளு எந்தப் பக்கம் நின்னு சண்டை போட்டான்னு தெரியுமில்ல?”

“தெரியும். அதுக்கு நான் வெள்ளையடிக்கேல்ல. நீங்கள்தான் சாப்பாட்டுக்கு வெள்ளையடிக்கிறியள்.”

சாருக்கு முகம் சிவந்தது. “விசா ரினியூவல் வருது. ஞாபகம் இருக்கட்டும்.”

வினோஜனுக்கு வேலை போய், அவனும் இவள் விசாவில்தான் இருந்தான். போட்டுத் தொலையேன்டி என்று மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். காலை இழுத்துக்கொண்டாளே தவிர, பேனாவைத் தொடவில்லை.

“ஜெர்மனியில அகதி கேம்பில எங்களுக்குப் பெட்டியில சாப்பாடு தந்தவை சேர். வாயில வைக்கேலாது. அப்பா ஒவ்வொண்டுக்கும் ஒரு பட்டம் வைப்பார். நாங்கள் சிரிச்சுச் சிரிச்சுச் சாப்பிடுவம். பகிடி இல்லாட்டி அது தொண்டையால இறங்காது.”

சார் தன் பிரதியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. சீல் வைப்பதற்கு முன், வந்தவர் மூலத்தைக் கையில் பிடித்துக்கொள்ள, மொழிபெயர்த்தவர் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். மறுநாள் ஊட்டே அம்மாள் கொள்ளுப்பேத்திகள் இருவரையும் அழைத்து வந்திருந்தார். சார் தன் பவுடர் பிரதியை நீட்டினார். பிரஷாந்தி அதை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன்னுடையதை எடுத்தாள். அடிப்பாவி! சார் முறைத்தார். வந்தவர்கள் முன்னால் கத்தவா முடியும்?

முள்கம்பி சூப் என்றதும் சின்னவள் களுக்கென்று சிரித்தாள். “எங்கள் குழம்புப் பீரங்கி வழிதவறிவிட்டது. எதிரியிடம் போயிருந்தால், பாவம் எதிரி” என்றதும் இருவரும் நாற்காலியிலேயே புரண்டார்கள். “என் அப்பா சொன்னதற்கு எங்கள் வீட்டில் யாரும் இதுவரை சிரித்ததில்லை” என்றார் ஊட்டே அம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கடைசிக் கடிதம் வந்தது. “இன்று ரொட்டி கிடைத்தது. நல்ல ரொட்டி. குழந்தையைப் பார்த்துக்கொள்.”

சிரிக்கத் தயாராக இருந்த பிள்ளைகள் அவள் வாயையே பார்த்தார்கள். பிரஷாந்தி காகிதத்தைக் கீழே வைத்தாள்.

“ரொட்டிக்கு ஏன் பேர் வைக்கலை?” என்று சின்னவள் ஆங்கிலத்தில் கேட்டாள். “அவருக்கு என்ன ஆச்சு?”

ஊட்டே அம்மாள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். சார் தன் பிரதியைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். அதிலும் அதே ரொட்டிதான். ஆனால் பவுடர் போட்ட முந்தைய பக்கங்களுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

“உன்னோடதுலயே கையெழுத்தப் போடும்மா” என்றார்.