பதினாறு எழுத்தில் பதிமூன்று பாலில் இல்லை

டாக்டர் கேசவமூர்த்தி போய்ச் சேர்ந்துவிட்டார். காலையில் கல்பாக்கத்திலிருந்து அவருடைய பழைய மாணவர் ஒருவர் போன் செய்து சொன்னார்.

சரி என்றேன்.

ஆனால் மதியத்துக்குள் ஃபேஸ்புக் முழுக்க அவர் போட்டோ. "பாலுக்குள் கிருமிக்கொல்லியைக் கம்ப்யூட்டரில் கண்டுபிடித்த மேதை" என்று ஆளாளுக்கு ஷேர் செய்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

அந்தக் கம்ப்யூட்டர் என்னுடையது. புரோகிராமும் என்னுடையது.

தொண்ணூறுகளின் கடைசி. சிங்கப்பெருமாள் கோயிலில் ரயில்வே கேட் பக்கம் ஜாப் டைப்பிங் சென்டர் வைத்திருந்தேன். எனக்குப் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. புரோகிராமிங், பழைய புத்தகம் வாங்கி நானே கற்றுக்கொண்டது. அவர் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பயோகெமிஸ்ட்ரி ஹெட். மாணவரின் தீசிஸ் அடிக்க வந்தவர், டெலிபோன் நம்பர் தேட நான் எழுதிவைத்திருந்த புரோகிராமைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் கேட்டது இதுதான். பாலில் உள்ள புரதம் என்பது எழுத்து எழுத்தாகக் கோத்த நீளச் சங்கிலி. வயிற்றில் அது துண்டு துண்டாக வெட்டுப்படும். அந்தத் துண்டுகளில் கிருமியைக் கொல்லக்கூடியது எது? லேபில் ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஆயுசு போதாது. கம்ப்யூட்டரே வெட்டிப் பார்த்து, கிருமியின் தோலில் போய் ஒட்டக்கூடிய துண்டுக்கு அதிக மார்க் போடட்டும்.

எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் ஆயிற்று.

அந்தச் சங்கிலி, கண்ணிக்கு ஒன்றாக இருநூற்றுச் சொச்சம் இங்கிலீஷ் எழுத்து. அவர் வாசிக்க, நான் அடித்தேன். எல்... எல்... ஐ... எல்... ரயில் வந்தால் நிறுத்துவார். போனதும் விட்ட எழுத்திலிருந்து சரியாகத் தொடங்குவார். வாசிப்பில் அந்த மனிதரைக் குறை சொல்ல முடியாது.

முதல் மார்க் வாங்கியது ஒரு பதினாறு எழுத்துத் துண்டு. அதைச் செயற்கையாகச் செய்து வரவழைத்தார். லேபில் கிருமி வளர்த்த தட்டில் விட்டதும் கிருமி செத்தது. அன்றைக்கு எனக்கு மசால் வடை வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் அவர் பார்த்து வாசித்த பிரிண்ட் அவுட்டின் மேல்பக்கத்தில் இருந்த ஒரு சின்ன வரியைப் பார்த்தேன். புத்தகம் தேடிப் பிடித்து அர்த்தம் தெரிந்துகொண்டேன். சங்கிலியின் முதல் பதினைந்து எழுத்து, பார்சலில் ஒட்டும் முகவரிச் சீட்டு மாதிரி. புரதம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டுவதற்கு மட்டும். மாட்டின் மடியிலேயே அதை வெட்டி எறிந்த பிறகுதான் பால் சுரக்கிறது. நாங்கள் அதையும் சேர்த்து அடித்துவிட்டோம். எங்கள் துண்டில் பதிமூன்று எழுத்து அந்தச் சீட்டைச் சேர்ந்தவை.

பாலில் இல்லை. தயிரில் இல்லை. மோரிலும் இல்லை.

போய்ச் சொன்னேன். "கிருமி சாவுதா இல்லையா, ஏழுமலை? அதைப் பாருங்க" என்றார்.

சாவது வாஸ்தவம். ஆனால் கட்டுரைக்கு அவர் போட்ட தலைப்பு பாலைப் பற்றியது.

அடுத்த வாரம் மாமல்லபுரத்தில், கடலோர ஓட்டல் ஒன்றில் கருத்தரங்கு. இஸ்திரி போட்ட சட்டையோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அதே துண்டு ஸ்கிரீனில் வந்தது. கேள்வி நேரத்தில் எழுந்தேன்.

"மாட்டு மடியிலயே வெட்டிப் போட்டது, தயிர்ல எப்டி சார் வரும்?"

அவர் மைக்கில் சொன்னார்: "இவர் நம்ம டைப்பிஸ்ட். நல்லா அடிப்பார்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. அன்று சிரித்தவர்களில் இரண்டு பேர் இன்று மெழுகுவர்த்தி எமோஜி போட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும்.

கட்டுரை வந்தது. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர்... தட்டச்சு உதவிக்காக.

ஆறேழு வருடம் பேச்சில்லை. ரிட்டயர் ஆகப் போகிற சமயத்தில் ஒருநாள் சென்டருக்கு வந்தார். வாங்க என்று நான் சொல்லவில்லை. அதே ஸ்டூலை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பதினைஞ்சு எழுத்தை எடுத்துட்டு ஓட்டினா, முதல்ல எது வருது ஏழுமலை?"

ஆக, தெரிந்தேதான் இருந்திருக்கிறார்.

அவர் கேட்பதற்குப் பல வருடம் முன்பே நான் ஓட்டிப் பார்த்தாயிற்று. புது லிஸ்ட் பிரிண்ட் எடுத்து டிராயரில் இருந்தது. அதில் முதலில் நின்றது வேறு துண்டு. நிஜமாகவே பாலில் இருப்பது.

"அந்த ஜர்னலுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க சார், அந்தத் துண்டு பால்ல இல்லன்னு. என் பேரே வாணாம். போட்டுட்டு வாங்க, லிஸ்ட்டு குடுக்கறேன்."

அணைந்து கிடந்த ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிரிவுபசார விழாவுல அதைப் பத்திதான்யா பேசப் போறாங்க" என்றார்.

"அதுக்கு இன்னா சார்? அவுங்க பேசட்டும். நீங்க எழுதுங்க."

எழுந்து போய்விட்டார்.

அதன் பிறகு தீபாவளிக்குத் தீபாவளி போன் வரும். வாழ்த்தெல்லாம் கிடையாது. "இருக்கா?" என்பார். "கீது சார். எழுதிட்டீங்களா?" என்பேன். வைத்துவிடுவார். போன தீபாவளிக்கும் வந்தது.

ஒரு மாலையாவது போட்டுவிட்டு வாங்க என்று வீட்டில் சொல்கிறார்கள். போகப் போவதில்லை.

அந்தத் துண்டு பாலில் இல்லை. அவர் போட்டோவை ஷேர் செய்கிறவர்கள் இதையும் சேர்த்து ஷேர் செய்யுங்கள்.

லிஸ்ட்டு கீது சார். டிராயரில்தான் இருக்கிறது. அந்த ஒரு வரிதான் வரவில்லை...

போய் வாருங்கள்.