ஆறு கல்யாண முருங்கைகள்

அன்று நடந்தவை, என் குறிப்பேட்டில் உள்ள வரிசைப்படி:
1. காலை ஏழு மணிக்குத் தோப்புக்குள் நுழைந்தோம்.
2. பழைய உறைகிணறு ஒன்றைக் கண்டோம்.
3. ஆறு மரங்களை நான் தவறாகக் குறித்தேன்.
4. அக்கா திருத்தினார்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, இலுப்பையும் காரை முள்ளும் மண்டிக் காடாகிப்போன தோப்பு அது. பண்ணையார் தன்னுடையது என்றார். அதற்குள் தங்கள் தெரு இருந்தது, கூலிப் போராட்டத்தின்போது விரட்டப்பட்டோம் என்று ஏழு விவசாயக் கூலிக் குடும்பங்கள் மனு கொடுத்திருந்தன. குடியிருந்த மனைக்குப் பட்டா உண்டு என்று அரசு சொல்லியிருந்த காலம். நேரில் பார்க்கத் தாசில்தார் வந்தார். பண்ணையின் காரியக்காரரும் வந்தார். நான் நில அளவைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த வரைவாளர். வழிகாட்டியவர் மனுக் கொடுத்தவர்களில் ஒருவரான நடவுக்காரப் பெண். ஊரார் போல நானும் அவரை அக்கா என்றே அழைத்தேன்.

அக்கா முன்னால் நடந்தார். முள் கிளைகளை ஒவ்வொன்றாக விலக்கி, நான் கடக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். சருகுக்கு அடியில் சுடுமண் உறைகள் தெரிந்தன.

“இது ராசா காலத்துக் கெணறு. இவங்களுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?” என்றார் காரியக்காரர்.

“ராசா தோண்டுனா என்னங்க, தண்ணி எறச்சது நாங்கதான்” என்றார் அக்கா. தாசில்தார் அதை எழுதிக்கொள்ளவில்லை.

கிணற்றுக்கு அப்பால் கல்யாண முருங்கைகள் சிவக்கச் சிவக்கப் பூத்திருந்தன. ‘தானாக முளைத்தவை’ என்று எழுதினேன்.

“என்னம்மா எழுதுறீங்க?”

படித்துக் காட்டினேன். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “தானா மொளச்சா இப்படி வரிசையாவா நிக்கும்? எல்லாம் பந்தக்கால்மா. கல்யாணம் முடிஞ்சதும் கொல்லையில கொண்டுபோய் நட மாட்டாங்களா?” காரியக்காரர் வாய் திறப்பதற்குள் அவர் பக்கம் திரும்பினார். “ஏங்க, உங்க வீட்டுக் கொல்லையில நிக்கிறதும் தானாத்தான் மொளச்சுதுங்களா?”

தாசில்தாரே சிரித்துவிட்டார். பிறகு பேனாவைத் திறந்தார்.

ஒவ்வொரு மரத்தையும் தொட்டு, எந்தத் தம்பதிக்கு நட்டது என்று அக்கா சொல்லிக்கொண்டே போனார். நான் முன்பு எழுதியதை அடித்துவிட்டு, ஆறு வீடுகள் என்று எழுதினேன்.

“ஏழாவது எங்கேக்கா?”

கடைசி மரத்தைத் தாண்டி, வெறும் புல்தரையில் போய் நின்றார். “இதான். எங்க வீட்டுல கல்யாணம் வைக்கலம்மா. அதுக்குள்ள வெரட்டிட்டாங்க.”

தன் வீட்டுக்குக் காட்ட மரம் இல்லை என்பது, முதல் மரத்தைத் தொட்டபோதே அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆறு குடும்பங்களுக்குப் பட்டா வந்துவிட்டது. அக்காவின் மனு, சான்று இல்லை என்று தள்ளுபடியானது. மேல்முறையீட்டுக்கு நான் வரைந்து கையெழுத்திட்ட படத்தில் ஏழு வீடுகள் இருக்கின்றன. விசாரணைக்கு இன்னும் அழைக்கவில்லை. அக்கா இப்போது ஆறாவது வீட்டுக் கொல்லையில் குடிசை போட்டு இருக்கிறார்.